மாணவர் சந்தைப்படுத்தல் பிட்ச் போட்டி: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வணிகவியல் ஆசிரியராக இருப்பதால், இவ்விரு மாவட்டங்களின் கல்லூரிகளிலிருந்து சந்தைப்படுத்தல் பிட்ச் போட்டிகளுக்குச் செல்லும் அணிகளைச் சில ஆண்டுகளாகத் தயார்செய்து வருகிறேன். இடையிடையே நடுவர் இருக்கையிலும் அமர்ந்ததுண்டு. ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே கேள்விகளே வருவதால் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். நேரம், அணியின் அளவு, மதிப்பெண் முறை ஆகியவை போட்டிக்குப் போட்டி மாறும். அவற்றுக்கு உங்கள் போட்டியின் அறிவிப்பே இறுதியானது.

பிட்ச் போட்டி என்பது என்ன? பேச்சுப் போட்டியிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது?

ஒரு பொருளையோ சேவையையோ யாரிடம், என்ன விலைக்கு, எந்த வழியாக, என்ன சொல்லி விற்கப் போகிறீர்கள் என்பதைக் குறித்த நேரத்துக்குள் நடுவர்கள் முன் எடுத்துரைத்து, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதே பிட்ச் போட்டி. சில போட்டிகளில் ஒரு நிறுவனத்தின் உண்மையான சிக்கலை ஏற்பாட்டாளர்களே கொடுத்துவிடுவார்கள்; சிலவற்றில் பொருளை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பேச்சுப் போட்டியில் குரலும் சொல்நயமும் பரிசை வாங்கித் தரும். இங்கே அவை உதவும், அவ்வளவுதான். நன்றாகப் பேசிய அணிகள், ‘உங்கள் பொருளை இதுவரை எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்?’ என்ற ஒரே கேள்வியில் அமைதியாகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வணிகத் திட்டப் போட்டியோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே முதலீடு, இயந்திரம், வங்கிக் கடன் ஆகியவற்றைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும். இங்கே எல்லாப் பேச்சும் வாங்குபவரைச் சுற்றியே அமையும்.

சந்தைப்படுத்தல் என்றால் விளம்பரம்தானே?

விளம்பரம் அதில் ஒரு பகுதி. மேனிலைப் பள்ளி வணிகவியல் பாடநூலில் ‘சந்தையிடுகைக் கலவை’ என்று படித்திருப்பீர்கள். பொருள், விலை, இடம், விற்பனை மேம்பாடு என்னும் அந்த நான்கு கூறுகளை 1960-இல் ஜெரோம் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் வகுத்துக் கொடுத்தார். மாணவர் அணிகள் நான்காவது கூறுக்கு முக்கால் பங்கு நேரத்தையும், மற்ற மூன்றுக்கும் சேர்த்துக் கால் பங்கையும் ஒதுக்குவதுதான் வழக்கமான பிழை.

வெளிநாட்டு நிறுவனங்களைத் தேடிப் போகாமல் நம் ஓசூரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் 1984-இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை அமைத்துக் கைக்கடிகாரம் தயாரிக்கத் தொடங்கிய காலத்தில், நாட்டில் பெரும்பாலோர் கையில் இருந்தது சாவி கொடுக்கும் எச்.எம்.டி. கடிகாரம், மணி பார்ப்பதற்காக ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகள் போதும் என்று நினைக்கப்பட்ட பொருள் அது. டைட்டன், பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்தை அழகுப் பொருளாகவும் பரிசுப் பொருளாகவும் முன்வைத்து, தனிக் காட்சிக்கூடங்களைத் திறந்து, வடிவங்களைப் பெருக்கியது. பொருள், விலை, இடம் ஆகிய மூன்றும் மாறியபின் விளம்பரம் அந்த மாற்றத்தை அறிவித்தது. உங்கள் பிட்சிலும் இந்த வரிசை இருக்கிறதா என்று பாருங்கள்.

வணிகவியலோ எம்.பி.ஏ.வோ படிக்காதவர்கள் கலந்துகொள்ளலாமா?

அறிவிப்பில் தடை இல்லையென்றால் தாராளமாகக் கலந்துகொள்ளலாம். வேளாண்மை, உணவுத் தொழில்நுட்பம், தமிழ் இலக்கியம் படிப்பவர்களைக் கொண்ட கலப்பு அணிகளை நான் விரும்புவேன். கணக்குப் போடத் தெரிந்த ஒருவர், கூச்சமில்லாமல் கடைக்காரரிடம் பேசக்கூடிய ஒருவர், படமும் லேபிளும் வடிவமைக்கத் தெரிந்த ஒருவர், தயாரிப்பு முறையை நேரில் அறிந்த ஒருவர் இருந்தால் போதும். நால்வரும் மேடையில் பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் நால்வருக்கும் எல்லாக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். நடுவர்கள் பேசாமல் நிற்பவரைப் பார்த்துத்தான் கேள்வி கேட்பார்கள்.

எந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பது? நம் மாவட்டப் பொருளாக இருந்தால் கூடுதல் மதிப்பெண் கிடைக்குமா?

ஊர்ப் பொருள் என்பதற்காகவே யாரும் மதிப்பெண் தரமாட்டார்கள். ஆனால் ஊர்ப் பொருளைப் பற்றி உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் தெரியும். அந்த அறிவுக்கு மதிப்பெண் உண்டு. இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. மாம்பழச் சாறு, தக்காளித் தூள், கேழ்வரகு பிஸ்கெட் ஆகிய மூன்றும் வராத போட்டியை நான் இன்னும் பார்க்கவில்லை. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து மூன்றாவது பொருளின் வரவு இன்னும் கூடிவிட்டது. இவற்றை எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எடுத்தால், பத்தாவது முறையாகக் கேட்கும் நடுவருக்கும் புதிதாகத் தோன்றும் அளவுக்கு உள்ளே சென்று பார்த்திருக்க வேண்டும்.

மாம்பழத்தையே எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நாம் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் சொல்லும் தோத்தாபுரி ரகம் பெரும்பாலும் கூழ் ஆலைகளுக்குச் செல்கிறது. அறுவடை ஒரே காலத்தில் குவிவதாலும், பழம் காத்திருக்காது என்பதாலும், விலையைத் தீர்மானிக்கும் வலிமை தோட்டக்காரரைவிட ஆலையிடமே அதிகம். ஆகவே ‘விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கச் சாறு தயாரிக்கிறோம்’ என்று ஓர் அணி சொன்னால், சாறு விற்கும் பெரிய நிறுவனங்களோடு எப்படி மோதுவீர்கள் என்ற கேள்வி உடனே எழும். அதற்குப் பதில் சொல்வது கடினம். மாறாக, பெங்களூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பருவம் தொடங்கும் முன்பே பணம் வாங்கிக்கொண்டு, செந்தூராவையோ அல்போன்சாவையோ வாரம் ஒரு பெட்டியாகக் கொண்டு சேர்க்கும் திட்டத்தை முன்வைத்தால், பொருள் பழையதாக இருந்தாலும் விற்கும் வழி புதிது. தேசிய நெடுஞ்சாலை 44 அருகிலேயே இருப்பதும், ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் மட்டுமே என்பதும் அந்தத் திட்டத்துக்கு வலுச் சேர்க்கும்.

தருமபுரியின் பட்டுக்கூடு ஏல அங்காடியைப் பற்றி ஓர் அணிகூட என்னிடம் பேசியதில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. அங்கே வாங்குபவர்கள் நூற்பாளர்கள், அதாவது தொழில் செய்பவர்கள். ஒரு தொழிலிடமிருந்து இன்னொரு தொழில் வாங்கும் சந்தையில் ஈர்ப்பு வாசகமும் நடிகர் படமும் பயன்படா. தரம், எடை, பணம் கைக்கு வரும் நாள் ஆகியவைதாம் பேசும். இதைப் புரிந்துகொண்டு வரும் அணி எளிதில் தனித்துத் தெரியும். ஓசூர்ப் பகுதியின் ரோஜா, பாலக்கோடு மற்றும் ராயக்கோட்டையின் தக்காளி மண்டிகள், புளியில் கொட்டை நீக்கித் தரும் பெண்களின் வேலை ஆகியவற்றிலும் இவ்வாறு தேடலாம்.

வாங்குபவரைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கூகுள் படிவம் அனுப்பினால் போதுமா?

போதாது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் படிவத்தை அனுப்பினால் நிரப்பித் தருபவர்கள் உங்கள் நண்பர்கள். அவர்கள் உங்கள் பொருளுக்காக நிரப்பவில்லை, உங்களுக்காக நிரப்புகிறார்கள். ‘இப்படி ஒரு பொருள் வந்தால் வாங்குவீர்களா?’ என்ற கேள்வியை முழுமையாகத் தவிர்த்துவிடுங்கள். கேட்டு வந்து நிற்கும் பிள்ளையிடம் வேண்டாம் என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் மனம் வராது. அந்த ‘வாங்குவேன்’ என்பதை நூறு சதவீதம் என்று வட்ட வரைபடமாக்கி மேடையில் காட்டினால் நடுவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக எப்போது வாங்கினார்கள், எங்கே வாங்கினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், வீட்டில் யார் சாப்பிட்டார்கள், மீதியை என்ன செய்தார்கள் என்று கேட்டால், கற்பனைக்கு இடமில்லாத பதில் கிடைக்கும்.

அதைவிடச் சிறந்த வழி, இருபது பாக்கெட்டுகளை உண்மையாகவே விற்றுப் பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை கூடும் போச்சம்பள்ளிச் சந்தையில் ஒரு காலைப் பொழுது நின்றால், ஒரு மாதம் படிவம் அனுப்பிக் கிடைக்காத செய்தி கிடைக்கும். யார் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கிறார்கள், விலையைக் கேட்டதும் யாருடைய முகம் மாறுகிறது, எந்தச் சொல்லைக் கேட்டு ஒருவர் திரும்பி வருகிறார் என்பவற்றை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். விற்காத பாக்கெட்டுகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். ‘இருபதில் ஏழுதான் விற்றது, காரணம் இது’ என்று சொல்லும் அணியை நான் நம்புவேன்.

கடைக்காரர்களை மறந்துவிடாதீர்கள். வாங்குபவரிடம் உங்கள் பொருள் போய்ச் சேருமா என்பதை முதலில் தீர்மானிப்பவர் அவர்தான். எத்தனை நாள் கடன் எதிர்பார்க்கிறார், தேதி முடிந்த சரக்கை யார் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், கண்ணுக்கு நேராகச் சரமாகத் தொங்கவிட இடம் தருவாரா, இதே விலையில் அவர் ஏற்கெனவே விற்கும் பொருளில் அவருக்கு எவ்வளவு நிற்கிறது என்று கேளுங்கள். வியாபாரம் மும்முரமாக இருக்கும் மாலை வேளையில் போய் நிற்க வேண்டாம். மதியம் இரண்டு மணிக்குப் போனால் அமர வைத்துப் பேசுவார். ஓசூர்ப் பக்கம் செல்பவர்கள் அணியில் தெலுங்கோ கன்னடமோ பேசத் தெரிந்தவரை அழைத்துச் செல்வது நல்லது. வீட்டுமொழியில் கேட்கும்போது கிடைக்கும் பதில் வேறு மாதிரி இருக்கும்.

விலையை எப்படி நிர்ணயிப்பது? நடுவர்கள் எந்த அளவுக்குக் கணக்குக் கேட்பார்கள்?

பெரும்பாலான அணிகள் சறுக்கும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கீழே உள்ள எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களை நீங்களே விசாரித்துப் பெற வேண்டும்.

ஒரு மகளிர் சுய உதவிக் குழு தயாரிக்கும் கேழ்வரகு நிப்பட்டை (தட்டை போன்ற பொரித்த நொறுக்குத் தீனி) 150 கிராம் பாக்கெட்டாக, 50 ரூபாய் அதிகபட்ச சில்லறை விலையில் விற்பதாகக் கொள்வோம். கடைக்காரருக்கு 10 ரூபாயும், கடை கடையாகச் சரக்குப் போடும் ஏஜென்சிக்கு 4 ரூபாயும் போனால், கைக்கு வருவது 36 ரூபாய். வரியை எளிமைக்காக ஒதுக்கி வைக்கிறேன். நீங்கள் ஒதுக்கக் கூடாது. மாவு, எண்ணெய் முதலியவற்றுக்கு 18, உறைக்கும் லேபிளுக்கும் 4, கூலி 5, வண்டிச் செலவு 2 என்றால் மொத்தம் 29 ரூபாய். ஒரு பாக்கெட்டில் மிஞ்சுவது 7 ரூபாய். இடத்து வாடகை, மின்சாரம், இயந்திரத் தவணை என்று மாதம் 14,000 ரூபாய் நிலையான செலவு இருந்தால், லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்பதற்கே மாதம் 2,000 பாக்கெட்டுகள் விற்க வேண்டும். மாதத்துக்கு 25 வேலை நாட்கள் என்றால் நாளொன்றுக்கு 80. ஒரு கடையில் நாளுக்கு நான்கு பாக்கெட் ஓடும் என்றால் 20 கடைகள் வேண்டும். இப்போதுதான் உங்கள் திட்டம் ஓர் உருவம் பெறுகிறது. இருபது கடைகள் எவை, தருமபுரிப் பேருந்து நிலையத்தைச் சுற்றியா, காவேரிப்பட்டினத்திலா, ஓசூரிலா என்று வரைபடத்தில் குறித்துக் காட்டலாம்.

அடுத்து, ‘அறிமுகச் சலுகையாகப் பத்து சதவீதத் தள்ளுபடி தருவோம்’ என்று ஏறத்தாழ எல்லா அணிகளும் எழுதுகின்றன. ஐந்து ரூபாயைக் குறைத்தால், அந்தச் சுமையைக் கடைக்காரர் ஏற்கமாட்டார். உங்கள் 7 ரூபாய் 2 ரூபாயாகிவிடும். அப்போது அதே 14,000 ரூபாயை ஈடுகட்ட 7,000 பாக்கெட்டுகள் விற்க வேண்டும். பத்து சதவீதத் தள்ளுபடிக்கு விற்பனை மூன்றரை மடங்காக வேண்டியிருக்கிறது. ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதைப் பற்றி எழுதவே தேவையில்லை.

விளம்பரச் செலவையும் இதே 7 ரூபாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 5,000 ரூபாய் செலவிட்டு 50 புதிய வாடிக்கையாளர்கள் கிடைத்தால், ஒருவரைக் கொண்டுவர 100 ரூபாய் ஆகிறது. அவர் 15 பாக்கெட் வாங்கினால்தான் அந்த நூறு திரும்பும். வாரம் ஒன்று வாங்குகிறார் என்றால் மூன்றரை மாதம். அவர் மூன்றரை மாதம் தொடர்ந்து வாங்குவார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று நடுவர் கேட்பார். கல்லூரி உணவகத்தில் சுவைத்துப் பார்க்கக் கொடுத்ததில் இத்தனை பேர் மறுவாரமும் வாங்கினார்கள் என்று சொல்ல முடிந்தால் நீங்கள் தப்பித்தீர்கள்.

சிறுதானியப் பொருள் என்றால் ‘சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்’ என்று விளம்பர வாசகம் எழுதலாமா?

எழுதக் கூடாது. உணவுப் பொருள் ஒரு நோயைத் தடுக்கும், தீர்க்கும், குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர ஒழுங்குமுறைகள் அனுமதிப்பதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தவறான விளம்பரத்துக்காகப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் வழியுண்டு. மேடையில் ஒரு ஸ்லைடில் போட்டதற்காக உங்கள் மீது வழக்கு வராது. எனினும், சட்டம் அறியாமல் திட்டம் தீட்டியிருக்கிறார்கள் என்ற எண்ணம் நடுவருக்கு வந்துவிட்டால் மற்றவை எடுபடா.

உண்மையையே சொல்லலாம், அது போதுமான அளவு வலுவாகவே இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் அதிகமாகக் கால்சியம் உண்டு; தீட்டிய அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அது தானியத்தைப் பற்றிய செய்தி. எண்ணெயில் பொரித்து, வேறு மாவும் கலந்த நிப்பட்டில் எவ்வளவு இருக்கிறது என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். பாக்கெட்டின் மாதிரியைக் கொண்டுவருகிறீர்கள் என்றால், தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், சேர்மானங்கள், நிகர எடை, எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த நாள், எந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம், புகார் தெரிவிக்க வேண்டிய தொடர்பு, சைவக் குறியீடான பச்சை வட்டம், உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணுக்கான பதினான்கு இலக்க இடம் ஆகியவை லேபிளில் இருக்கட்டும்.

சமூக ஊடகத்தில் மட்டும் விற்கிறோம் என்று சொல்லலாமா?

சொல்லலாம், உங்கள் வாங்குபவர் அங்கே பணம் செலவழிப்பவராக இருந்தால். 50 ரூபாய்ப் பாக்கெட்டைக் கூரியரில் அனுப்ப ஆகும் செலவை ஒருமுறை விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

போட்டிப் பொருள்களைப் பற்றி எப்படிப் பேச வேண்டும்? எங்களுக்குப் போட்டியே இல்லை என்று சொன்னால் நல்லதுதானே?

போட்டியே இல்லை என்றால் வாங்குபவரும் இல்லை என்றுதான் நடுவர் புரிந்துகொள்வார். அதே பசிக்கு வாங்குபவர் இன்று எதைச் சாப்பிடுகிறாரோ அதுதான் உங்கள் போட்டி. கேழ்வரகு நிப்பட்டுக்கு இன்னொரு கேழ்வரகு நிப்பட் போட்டியல்ல. தேநீர்க் கடையில் கண்ணாடிப் புட்டியில் இருக்கும் வருக்கியும் போண்டாவும் போட்டி.

இகழ்ந்து பேசுவதையும் தவிருங்கள். இதில் நமக்கு முன்னோடி, இன்றைய தருமபுரியான தகடூர் மண்ணிலேயே இருக்கிறார். அதியமானுக்காகத் தூது சென்ற ஔவைக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியபோது, உன் கருவிகள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவல் மிகுந்த மனையில் அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்றார். எதிராளியின் பொருளை ஒரு சொல்லாலும் குறைக்காமல், பயன்பட்ட பொருள் எது என்பதைக் கேட்பவரே உணரும்படி விட்டுவிட்டார். ‘அந்த நிறுவனத்தின் பிஸ்கெட் நஞ்சு’ என்று தொடங்கும் அணிகளுக்கு இதைத்தான் எடுத்துச் சொல்வேன். பெரிய நிறுவனத்தின் பொருள் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, ஒரே சுவையில் இருக்கிறது, விலை குறைவு என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். அவர்களால் செய்ய முடியாத ஒன்றை அதன்பின் சொன்னால் காதில் விழும்.

எத்தனை ஸ்லைடுகள் வைத்துக்கொள்ளலாம்? நேரத்தை எப்படிப் பிரிப்பது?

ஏழு நிமிடம் என்றால் எட்டு ஸ்லைடுக்கு மேல் வேண்டாம். முதல் நிமிடத்துக்குள் வாங்குபவர் யார், அவருடைய தொல்லை என்ன என்பது தெரிந்துவிட வேண்டும். கல்லூரியின் பெயர், துறைத் தலைவருக்கு நன்றி, அணியின் அறிமுகம் என்று தொடங்கி ஒன்றரை நிமிடத்தைக் கரைத்துவிடாதீர்கள். சந்தையில் கண்டதற்கு இரண்டு நிமிடம், பொருளுக்கும் விற்கும் வழிக்கும் இரண்டு, கணக்குக்கு ஒன்றரை என்று வைத்துக்கொண்டால் மூச்சு விட அரை நிமிடம் மிஞ்சும். மணி அடித்தபின் பேசும் வாக்கியத்துக்கு மதிப்பு இல்லை.

சுவைத்துப் பார்க்கும் பொருளைக் கொண்டுவருவது நல்லதுதான். ஆனால் முந்தைய நாளே திறந்து சரிபாருங்கள். நான் வழிகாட்டிய அணி ஒன்று ‘மொறுமொறுப்புக்கு நாங்கள் பொறுப்பு’ என்று ஸ்லைடில் எழுதிவிட்டு நடுவர்களுக்கு நிப்பட் கொடுத்தது. உறை சரியாக ஒட்டாததால் அது நமுத்துப் போயிருந்தது. மூத்த நடுவர் அதை மெல்லும் ஓசை கேட்கவே இல்லை. அந்த அமைதியை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை, ஏனென்றால் பாக்கெட்டுகளைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னுடையது.

தமிழில் பேசலாமா? ஆங்கிலம் சரளமாக வராததால் தயக்கமாக இருக்கிறது.

ஏற்பாட்டாளர்களிடம் பதிவு செய்யும்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டுக்குள் நடக்கும் போட்டிகளில் பெரும்பாலும் இருமொழிக்கும் இடம் தருகிறார்கள். ஆங்கிலம் கட்டாயம் என்றால், பேச்சை முழுவதும் தமிழில் சிந்தித்து எழுதி, அதன்பின் உங்கள் வாயில் புரளும் எளிய ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இணையத்திலிருந்து எடுத்த கடின வாக்கியங்களை மனப்பாடம் செய்தால், இடையில் ஒரு சொல் மறந்தவுடன் மற்றதும் போய்விடும். கேள்வி நேரத்தில் தடுமாறினால், ‘இதைத் தமிழில் விளக்க அனுமதியுங்கள்’ என்று கேட்பதில் குறைவு ஒன்றுமில்லை. அரூர் மலைப்பகுதியிலிருந்து வந்த ஒரு மாணவி, தம் அம்மா சாமை குத்தும் வேலையில் ஒரு நாள் எவ்வாறு கழிகிறது என்பதைத் தமிழிலேயே மூன்று நிமிடம் விவரித்தபோது, ஆங்கிலத்தில் நடந்துகொண்டிருந்த அந்த அரங்கில் ஒருவரும் கைப்பேசியைப் பார்க்கவில்லை.

கேள்வி நேரத்தில் விடை தெரியாத கேள்வி வந்தால் என்ன செய்வது?

தெரியாது என்று சொல்லி, அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உடனே தோன்றும் எண்ணைச் சொல்வதுதான் ஆபத்து. அடுத்த கேள்வி அந்த எண்ணின் மீதே வரும். முன்கூட்டியே வகுப்புத் தோழர்களை நடுவர்களாக்கி ஐம்பது கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். உற்பத்தியை இரு மடங்காக்கினால் தரம் குறையாதா, குழுவில் ஒருவர் விலகினால் என்ன ஆகும், மழைக் காலத்தில் தானியம் எங்கே கிடைக்கும், பெரிய நிறுவனம் இதே பொருளை 40 ரூபாய்க்கு இறக்கினால் என்ன செய்வீர்கள் ஆகிய நான்கும் அதில் கட்டாயம் இருக்கட்டும். ஒருவர் பதில் சொல்லும்போது மற்றவர் குறுக்கிட்டுத் திருத்தினால், பதில் சரியாக இருந்தாலும் அணி உடைந்ததாகவே தெரியும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா?

விதிமுறை அனுமதித்தால் லேபிள் வடிவமைக்கவும், கேள்விகளைக் கேட்டுப் பழகவும் பயன்படுத்துங்கள். சந்தை நிலவரத்தை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். ராயக்கோட்டை மண்டியில் இன்று ஒரு கூடை தக்காளி என்ன விலைக்குப் போனது என்பது மண்டியில் இருப்பவருக்குத்தான் தெரியும். ஒரே கருவியில் எழுதிய மூன்று அணிகள் ஒரே வாக்கியத்தோடு தொடங்கியதை ஒரே காலையில் கேட்டிருக்கிறேன்.

மேடையில் சொன்ன யோசனையை யாராவது எடுத்துக்கொண்டால்?

வெறும் யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. பெயரையும் சின்னத்தையும் 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யலாம். தயாரிப்பு முறையில் இரகசியம் இருந்தால் அதை ஸ்லைடில் எழுத வேண்டியதில்லை, நடுவர்களும் கேட்கமாட்டார்கள். நான் பார்த்தவரை, யோசனை திருடப்பட்டதைவிடப் போட்டி முடிந்த மறுநாளே கைவிடப்பட்டதுதான் அதிகம்.

போட்டி முடிந்தபின் திட்டத்தை என்ன செய்வது?

தொடர விரும்பினால், உங்கள் கல்லூரியின் தொழில்முனைவோர் மேம்பாட்டுப் பிரிவையும், இரு மாவட்டத் தலைநகரங்களிலும் உள்ள மாவட்டத் தொழில் மையத்தையும் அணுகுங்கள். உணவுப் பொருள் என்றால், தருமபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலும் ரகங்களைப் பற்றி விசாரிக்கலாம். சுய உதவிக் குழுவோடு சேர்ந்து செய்தீர்கள் என்றால், மகளிர் திட்ட அலுவலகத்தில் ‘மதி’ என்னும் பெயரில் குழுக்களின் பொருள்களை விற்கும் ஏற்பாட்டைப் பற்றிக் கேளுங்கள்.

தொடரப் போவதில்லை என்றாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உங்களுக்காக அடுப்பு மூட்டி நிப்பட் சுட்டுக் கொடுத்த குழுவிடம் திரும்பச் சென்று, 7 ரூபாய், 2,000 பாக்கெட், 20 கடை என்ற கணக்கை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பரிசுத் தொகை வந்திருந்தால், மாவுக்கும் எண்ணெய்க்கும் அவர்கள் செலவழித்ததை முதலில் கழித்துக் கொடுத்துவிட்டு மீதியைப் பிரித்துக்கொள்ளுங்கள்.